ரிவர்ஸ் இருந்த இடத்தில்

"ஆறாவது கியருக்கு ஒரு கும்பிடு போடணும் தம்பி" என்றார் என் முன்சீட்டில் இருந்தவர். சமயநல்லூர் போகும் டவுன் பஸ் சிம்மக்கல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்தார். "புதுக் கார் வாங்குனதுலருந்து ஒரு மாதிரியாத்தான் பேசுறீக அண்ணே."

"பழைய காருல அஞ்சு கியரு. அஞ்சாவதுக்கு நேர் கீழ ரிவர்ஸ். பன்னெண்டு வருசமா அப்படியே பழகுன கை. புதுசுல அந்த எடத்துல ஆறாவது கியர வச்சிருக்கான். ரிவர்ஸு இடது ஓரத்துல மேல கெடக்கு."

"மாத்திப் போட்டீகளா?"

"மொத நாளே. வீட்டுலருந்து பின்னால எடுக்கணும். ஒம் மதினி டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டிருந்தா. ஆளக் காணோம், சரி, முடிச்சுட்டு உள்ள போயிட்டான்னு நெனச்சு, இப்படி இழுத்தேன்."

அவருடைய இடது கை முன்னால் இருந்த கம்பியைக் கியர்போலப் பிடித்து, வலப்பக்கம் கீழே இழுத்துக் காட்டியது.

"கிளச்ச விட்டதும் ஒரு குலுக்கு. ஆறாவதுல நின்ன வண்டி நகருமா? ஆஃப். எறங்கிப் பாத்தா, பின் டயருக்குப் பழம் வைக்க வண்டிக்குப் பின்னாலயே குந்தியிருக்கா."

இளைஞர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மதினி என்னண்ணே சொன்னாக?"

"அவளுக்கு என்ன தெரியும்? 'கோயிலுக்குக் கெளம்புறப்ப வண்டிய ஆஃப் பண்ணிப்புட்டீகளே, இம்புட்டு வருசமா என்னத்த ஓட்டுனீக'ன்னு ஒரே திட்டு."

"நீங்க?"

"இன்னுங் கொஞ்ச நேரம் திட்டுன்னேன்."