செபக்குழுவுக்குப் போன வீடியோ

ஹலோ… ஹலோ, ஜெனிஸ்டன்? அக்காதான்ரா. கேக்குதோ?… ஓம், ஓம், ஈஸ்ட் ஹாம் கடையிலதான் நிக்கிறன்… பொறு, பின்னுக்குப் போறன். கோசிகா, நீ காசு வாங்கிற ரில்லில நில்லு பிள்ளை, தம்பி உக்ரேனில, கார்க்கிவில இருந்து எடுக்கிறான்… ஓம், சொல்லு.

எந்த வீடியோ?… நேற்று அனுப்பினதோ? பல்கனியில நிண்டு எடுத்தது?… ஓம், பார்த்தனான். பார்த்திட்டு அழுதனான்… நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை… இல்லை… செபக்குழுவுக்கு மட்டும் போட்டனான். றஜீனா அன்ரியின்ர வாட்ஸ்அப். நாப்பது பேர்தான், எல்லாம் எங்கட லண்டன் மாதா கோயில் சனம்.

யூடியூப்பிலயோ?… ஆர் போட்டது?… எத்தினை பேர் பார்த்திட்டினம்?… என்ர மாதாவே.

கத்தாதை. கத்தாதை, சொல்லுறன்… ஓம், அட்ரஸும் போட்டனான். செபத்துக்குக் குடுக்கேக்க பேர், வயசு, தெரு, வீட்டு நம்பர் எல்லாம் போடுறது வழக்கம்தானே? இல்லாட்டி ஆருக்கெண்டு மண்டாடுறது?… பின்னால பார்க்கில பீரங்கி நிண்டதை நான் காணவே இல்லையடா. உன்ர முகத்தைத்தான் பார்த்தனான்.

ஓம்… ஓம், படம் எடுக்காதை, போடாதை எண்டு ரோட்டு ரோட்டா ஒட்டியிருக்கினம் எண்டு நீ சொன்னனி. நான்தான் கெஞ்சிக் கேட்டனான். உங்கட டிவியில ஒவ்வொரு நாளும் நகரம் உறுதியா நிக்குது, வந்ததை விழுத்தியாச்சு எண்டு சொன்னா, நான் எப்பிடி நம்புறது? வன்னியில இயக்கத்தின்ர ரேடியோ ஆமியை அடிச்சுக் கலைச்சாச்சு எண்டு சொல்லேக்க, ஆமி எங்கட வேலிக்கு அங்கால நிண்டவன். அப்பா அதை நம்பித்தானே வெளிக்கிடாமல் இருந்து செத்தவர்… உனக்கு அப்ப ஆறு வயசு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.

சரி, சரி. இப்ப ஆர் உனக்குப் பக்கத்தில?… ஆமிக்காரரோ? உன்னைப் பிடிச்சிட்டினமோ?… அப்ப பீரங்கியை வேற இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லு… பொழுதுபட மட்டும் ஏலாதாமோ? மேல ரஷ்யாக்காரங்கட ட்ரோன் நிக்குதோ… அப்ப நீங்கள் வெளிக்கிடுங்கோ. ஒக்சானாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இப்பவே… ஏன் ஏலாது?… ரோட்டு பூட்டோ?… கட்டடத்தில முன்னூறு பேரோ?

பொறு, அரிசி மூட்டையில இருக்கிறன். கேள், யூடியூப்காரருக்கு இப்பவே போன் பண்ணி அழிக்கச் சொல்லுறன். காலில விழுந்தெண்டாலும்… ஏன் வேண்டாம்?… அழிச்சா உண்மை எண்டு அவங்களுக்கு விளங்கிடுமாமோ? அப்ப நான் என்ன செய்ய?

நான் பேச வேணுமோ?… பிழையான வீடியோ போட்டிட்டன், இது தம்பி வீடு இல்லை எண்டோ?… ஓம்… ஓம். அந்த ஆமிக்காரர் அழுதுகொண்டு சொல்லச் சொல்லுறாரோ. அதுக்கு நடிக்கத் தேவையில்லையடா… குழுவிலயும் யூடியூப்பிலயும், ஓம், கீழ இங்கிலீஷிலயும் எழுதுறன். அப்ப வீடியோ எடுத்தது எந்த ஊர் எண்டு சொல்ல?… மெல்லச் சொல்லு, பெட்டி மட்டையில எழுதுறன்… திரும்பச் சொல்லு… ஓம், எழுதிட்டன்.

பொறு. வைச்சிடாதை. அப்ப அடி அங்கதானே விழும், அந்த ஊரில சனம் இருக்கோ?… இல்லை, நான் கேக்கிறது, அங்க வீடுகளில இப்ப ஆக்கள் இருக்கினமோ எண்டு… உனக்குத் தெரியாதோ?… அவரைக் கேள்… ஜெனிஸ்டன், அது என்ன சத்தம், சைரனோ?… அவர் என்ன சொல்லுறார்? எத்தினை பேர்…

இல்லை, சொல்லாதை. எனக்குச் சொல்லாதை. நான் அனுப்புறன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ போ. வைக்கிறன்.