வெள்ளைக் கார்க்காரன் புகார்

வார்னிங்கா? வேண்டாம் மேடம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. ஃபிட்னஸ் சர்டிபிகேட்டை ரத்துப் பண்ணுங்க. இந்த லாரி இனிமே ரோட்டுல எறங்கப்பிடாதுன்னு எழுதி, சீல் குத்தித் தாங்க. நான் போய்க்கிடுகேன்.

நான் பேசுகது புரியுதுல்லா? வலியசாலைத் தமிழாளா நீங்க? செரி, நல்லதாப் போச்சு. எனக்கு மலையாளத்துல சண்டை போட வரும். கேட்டு வாங்க வராது.

சிரிக்கதெல்லாம் பொறவு. அந்த வீடியோவை எடுங்க. கம்ப்ளெயிண்டோட வந்துதுல்லா, அதான். எனக்கு நீட்ட வேண்டாம், நீங்களே பாருங்க. எங்க டிரைவர்மார் வாட்ஸாப்புல எல்லாம் சுத்தியாச்சு. ஆளாளுக்கு வர்ணிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிட்டு. சுள்ளிமானூர் தாண்டி வாற ஏத்தம். முன்னால என் வண்டி. வண்டியைக் காணலைன்னா கேக்கீங்க? அந்தக் கரும்புகைக்கு உள்ளதான் இருக்கு. பைக்குல ஒருத்தன் புகைக்குள்ள போவான் பாருங்க. வெள்ளைச் சட்டை. வெளிய வரும்போ என்ன சட்டை? வக்கீல் மாதிரி வந்திருப்பான்லா? இதுக்குப் போயி வார்னிங் குடுக்கீங்களே.

இன்னைக்குப் புகை இல்லையா? இருக்காது. பிச்சைக்கனி பண்ணுன வேலை. ஆமா, என் மெக்கானிக். ஆர்.டி.ஓ. ஆபீசுல கூப்பிட்டிருக்காங்கன்னு அவன்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். பாவம் கிழவனுக்கு ஒரு உபகாரம் செய்வோம்னு, நான் சாப்பிடப் போன நேரம் பாத்து, டீசல் பீச்சுற நாசிலைப் பூராக் கழத்திச் சுத்தம் பண்ணி, ஏர் ஃபில்டரையும் மாத்தி வச்சிட்டான். நான் நாயாக் கத்துன காலத்துல நாளைக்கு, நாளைக்குன்னு சொன்ன பய. இன்னைக்குக் காலம்பற ஸ்டார்ட் பண்ணினா ஊதுபத்தி மாதிரி ஒரு இழை விடுது. வந்த ஆத்திரத்துக்கு டயரை ஒரு சவிட்டு சவிட்டினேன். கால் வலிச்சதுதான் மிச்சம்.

புகை மீட்டர்ல பாஸா? மீட்டர் கெடக்கட்டும். காலி வண்டியை மர நெழல்ல நிறுத்தி வச்சு மிதிச்சுப் பாத்தா எல்லா வண்டியும் யோக்கியன்தான். சாலைக் கம்போளக் கடைத்தெருவுல அரிசி மூடை ஏத்தி, வித்துரா ஏத்தத்துல விடுங்க. அப்பொ தெரியும் இதோட சுயரூபம்.

சாட்சி வேணுமா? என் வீட்டுக்காரி பொன்னம்மையைக் கேளுங்க. நான் வண்டியை எடுக்கதுக்கு முந்தி அவ வாசல்ல வந்து நின்னு ஒரு சத்தம் போடுவா. எனக்கு இல்ல, தெருவுக்கு. துணியெல்லாம் எடுத்துக்கிடுங்கோ, இவரு கெளம்பப் போறாருன்னு. கரமனைல எங்க தெருவுல அத்தனை ஜன்னலும் அப்பொ படபடன்னு அடையும். நெடுமங்காட்டுல ஒரு காலேஜ் பிள்ளை. சிக்னல்ல ஸ்கூட்டரை நிறுத்திட்டு வந்து எனக்கு ஒரு மாஸ்கு தந்துட்டுப் போச்சு. உங்க புகை உங்களுக்கே ஆகாது தாத்தான்னு. எவ்வளவு அவமானம் பாருங்க. மாஸ்கு நல்ல மாஸ்கு. இன்னும் வச்சிருக்கேன்.

அப்பொ நானே ஓட்டாம இருக்க வேண்டியதுதானேன்னா கேக்கீங்க?

அது வேற விஷயம். நீங்க எழுதுங்க.

கம்ப்ளெயிண்டு குடுத்தவன் பேரைச் சொல்லப்பிடாதோ? சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். வெள்ளைக் கார்க்காரன். டாக்சி. பொன்முடி பாக்க வாற ஆளை ஏத்திட்டுப் போறவன். எனக்கும் அதே ரோடு. அவன் ஏறும்போ நான் முன்னால, அவன் எறங்கும்போ நான் எதிர்ல. எங்க போனாலும் அவன்தான்.

அவனுக்கு ஹாரன்தான் நாக்கு. பீப்பீ, பீப்பீ. ஏத்தத்துல லோடு வண்டியை ஒதுக்கினா நின்னு போவும். அது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிப்பான். நான் மட்டும் லேசுப்பட்டவனா? ஆக்சிலேட்டரை ஒரு மிதி. ஒரு பானை மையைத் தூக்கி மூஞ்சில ஊத்தினது மாதிரி இருக்கும் அவனுக்கு. கண்ணாடில பாத்தா கார் பூனைக்குட்டியாப் பின்வாங்கும். சொகமா இருக்கும் மேடம், பொய் சொல்லப்பிடாது.

தப்புதான். அதையும் எழுதிக்கிடுங்க. வேணும்னே புகை விட்டான்னு போடுங்க.

வித்துராச் சந்தைல ஒரு நாள் காரைக் குறுக்கே கொண்டு போட்டுட்டான். எறங்கி வந்து என் கதவைத் தட்டுகான். சீட்டெல்லாம் கரி, ஏறின ஆளு இருமிக்கிட்டே பாதி வழியில எறங்கிப் போயிட்டாங்கன்னு கத்துகான். ஜன்னலை ஏத்தி விடத் தெரியாதா லேன்னு நான் கேட்டேன். இந்தத் தகர டப்பாவைக் கொண்டு எங்கேயாவது குழி தோண்டி மூடுங்கன்னான். அதுல நீயும் கெடப்பேன்னேன். நான் தமிழ்ல, அவன் மலையாளத்துல. சந்தையே கூடிட்டு. மீன்காரி ஒருத்தி தராசைக் கீழ வச்சிட்டு வந்து நின்னு ரசிச்சா. கடைசில டீக்கடைக்காரன் ரெண்டு பேரையும் பிடிச்சு ஒரே பெஞ்சுல இருத்தினான். அந்தப் பய மூஞ்சைத் திருப்பி வச்சுக்கிட்டே சொல்லுகான், இவருக்குச் சீனி இல்லாம ஒண்ணுன்னு.

எனக்குச் சுகர் இருக்கது அவனுக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். ஒரே ரோட்டுல ஓடுகோம்லா. பேனாவை ஏன் மூடிட்டீங்க? தொறங்க.

செரி. உங்களுக்கு வெளங்குற மாதிரியே சொல்லுகேன். புகைன்னா என்னன்னு நெனைச்சீங்க? சட்டை அழுக்காவும், இருமல் வரும், அவ்வளவுதான்னா? பின்னால வாறவனுக்குக் கண்ணு போயிரும் மேடம். எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது. அப்பொ அவன் எதைப் பாப்பான்? எங்க கையைப் பாப்பான். மலை ரோட்டுல அதான் வழக்கம். லாரிக்காரன் ஜன்னல் வழியா கையை நீட்டி முன்னால வீசினா, எதிர்ல ஒண்ணுமில்ல, ஏறிப் போன்னு அர்த்தம். உள்ளங்கையைப் பின்னால காட்டினா, நில்லு. எவ்வளவு பெரிய சண்டைக்காரனா இருந்தாலும் அந்தக் கையை நம்பித்தான் போவான். வீசுகவனும் பொய்யா வீசமாட்டான். வெள்ளைக் கார்க்காரனும் நானும் சொல்லாத கெட்ட வார்த்தை இல்ல. ஆனா அவனுக்கு என் கை ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல.

அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

நல்ல வெயில். மழை, மஞ்சு ஒண்ணும் கெடையாது. பின்னால பீப்பீன்னான். ஒரு வளவு திரும்பினா நேர் ரோடு. பாத்தேன். காலியாக் கெடக்கு. கையை வீசினேன். புகைக்குள்ள இருந்து அவன் வெளிய வந்து என் கதவுகிட்ட வாறான், எதிர்ல ஒரு ஜீப்பு. சிவப்பு. அவ்வளவு பெரிசு. வானத்துல இருந்து குதிச்ச மாதிரி. நான் இந்தப் பக்கம் ஓடைல எறக்கினேன், ஜீப்புக்காரன் அந்தப் பக்கம் மண்ணுல எறக்கினான், நடுவுல கூடிக் கார் போயிட்டு. பக்கக் கண்ணாடி ரெண்டும் தெறிச்சுது. அதோட தீந்துது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் கெடையாது. பின் சீட்டுல ஜானவி, ஐஸ்கிரீம் கீழ விழுந்துட்டுன்னு அழுதுக்கிட்டிருந்தா.

ஜானவியா? என் பேத்தி.

ஆமா. ஓட்டினவன் என் மவன். சுஜித்து. அதுக்கு ஏன் எந்திரிக்கீங்க? இருங்க.

காரை நிறுத்திட்டு எறங்கி வந்தான். செரி, இன்னைக்கு நமக்கு அடிதான்னு நெனைச்சேன். வெளிய தொங்குன என் கையையே பாத்துக்கிட்டு நின்னான். வீட்டுல அம்மைகிட்ட விஷயத்தைச் சொல்லலை. சாப்பிடும்போ மட்டும், போதும்ப்பா, வண்டியை நிறுத்துங்கன்னான். எனக்குச் சொல்ல நீ யாரு லேன்னு தட்டத்தைத் தள்ளிட்டு எழும்பிட்டேன். மறுநாளும் அந்த வீறாப்புல வண்டியை எடுத்தேன். ஆனா கை வெளிய நீளலை மேடம். பின்னால வாறவன் எல்லாம் ஹாரன் அடிச்சே செத்தான். அன்னைக்கு எடுத்ததுதான் உங்க கையில இருக்க வீடியோ.

அதோட சரி, பொறவு நான் ஸ்டியரிங்கைத் தொடலை. இன்னைக்கு வண்டியை இங்க ஓட்டிட்டு வந்ததும் பிச்சைக்கனிதான். டாக்டர்கிட்டப் போனேன், ஒருத்தருக்கும் தெரியாம. ஓரத்துல உள்ளது தெரியும், நடுவுல உள்ளது தெரியாதுங்காரு. சுகர் பண்ணின வேலையாம். போனது போனதுதானாம். இப்பொகூட உங்க கம்மல் ரெண்டும் நல்லாத் தெரியுது. மூக்குதான் இல்ல. கோவிச்சுக்கிடாதீங்க.

அவன் சொல்லி நான் நிறுத்தினதா இருக்கப்பிடாது. நிறுத்தினா, நாளைக்கு எப்பொ குளிக்கணும், எப்பொ உறங்கணும்னும் அவனே சொல்லுவான். கவர்மெண்டு நிறுத்துச்சுன்னா, நான் பாட்டுக்குக் கவர்மெண்டைத் திட்டிக்கிட்டு வீட்டுல இருந்துக்கிடுவேன். கொஞ்ச நாள் கழிச்சு அவனும் கூட இருந்து திட்டுவான். 

வேற வண்டி ஓட்டுவேனான்னா? இந்த வயசுல எனக்கு எவன் வண்டி குடுப்பான்? செரி, நம்பிக்கை இல்லைன்னா இந்தாங்க, லைசன்ஸ். இதையும் வச்சுக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு. காரணம்னு ஒரு எடம் இருக்கும்லா? அதுல கண்ணைக் கொண்டு வராதீங்க.

அவன் எழுதினதைப் படிச்சீங்கல்லா? அப்பனுக்குக் கண்ணு தெரியலைன்னு இருக்கா? கையைப் பத்தி இருக்கா? ஒரு வரி எழுதியிருந்தா நீங்களே வீடு தேடி வந்து என்னை எறக்கியிருப்பீங்க. எழுதலை பய. புகைன்னு மட்டும்தான் எழுதியிருக்கான்.

நீங்களும் புகைன்னே எழுதுங்க.

எழுதியாச்சா? வாசிக்க வேண்டாம், விடுங்க. கையெழுத்து எங்க போடணும்? என் வெரலைப் பிடிச்சு அந்த எடத்துல வையுங்க மக்கா.