ஒரே ஒரு ‘ஆம்’

ஒலிநாடாச் சுருளைப் படுக்க வைக்கக் கூடாது. புத்தகம் மாதிரி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுத்தால் ஓரம் நசுங்கும். இருபத்தெட்டு வருடமாக எங்கள் வானொலி நிலையத்தின் ஒலிக்காப்பறைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லி வருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. உங்கள் ஆட்களும் சாட்சியத்துக்கு எடுத்து வந்த சுருளை அந்த மேசையில் படுக்கத்தான் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. அதில் இருப்பது ஆறு நிமிடம். எனக்கு மனப்பாடம்.

கொஞ்சம் வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். இடது காது கேட்காது.

முதலில், வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளே, அந்தச் செயலியை எழுதிய பெண், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் மேல் தப்பில்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நான்தான் பொய் சொன்னேன். வக்கீல் யாரும் வேண்டாம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசுகிற தெம்பில்லை.

திட்டம் நல்ல திட்டம்தான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் நிலைய இயக்குநர் கூட்டம் போட்டுச் சொன்னார்: “நாப்பது வருஷக் குரல் நம்மகிட்ட பூட்டிக் கெடக்கு. நாம தூசு தட்டறதோட சரி. வெளியில புரோகிராம் எழுதற புள்ளைங்ககிட்ட குடுத்தா எதாவது உருப்படியாப் பண்ணுவாங்க.” எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, யார் பேசியது, என்ன குறிப்பு என்ற பட்டியல் முழுவதையும், கூடவே ஒலியையும், யார் வேண்டுமானாலும் இணையம் வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஒருவர் பழைய வானிலை அறிக்கைகளை மட்டும் சேர்த்து, எந்த வருடம் எப்போது மழை வந்தது என்று காட்டினார். இன்னொருவர் பார்வையில்லாதவர்களுக்கு நாடகங்களைத் தொகுத்துக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. நாற்பத்தோராயிரம் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வெளியே தரலாமா?’ என்று ஒரு கட்டம். ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். இயக்குநர் அதை என்னிடம் கொடுத்தார்.

“எது எங்க கெடக்குன்னு உங்களுக்குத்தான்க்கா தெரியும். நீங்க பாத்துட்டா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவேன்.”

அப்படியே செய்தார். அவரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

‘பெயர் வேண்டாம்’ என்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பெண்கள் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள். “பேர் வேண்டாம்மா, மனசுல உள்ளதச் சொல்லுங்க” என்றுதான் அறிவிப்பாளர் ஆரம்பிப்பார். வானலையில் பெயர் வராது, ஊர் வராது. ஆனால் யாருக்காவது உதவி அனுப்ப வேண்டியிருந்தால் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுருளோடு வைப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எங்களிடம் சுருளில்தான் பதிவு. பிறகு எல்லாம் கணினிக்குப் போனபோது அந்தச் சீட்டுகளைக் குறிப்புக் கட்டத்தில் தட்டச்சு செய்தது நான்தான். மொத்தம் முந்நூற்று நாற்பது அழைப்புகள். முந்நூற்று முப்பத்தொன்பதுக்கு ‘இல்லை’ என்று போட்டேன். வேலையில் நான் கவனக்குறைவான ஆள் இல்லை.

மீதி ஒன்று என் தம்பி பெண்டாட்டியுடையது.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பெண்டாட்டி மேல் கை நீளும். கல்யாணமான மறு வருடத்திலிருந்தே. பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார்கள். அடிக்கிற சத்தம் என் வீட்டுக்கே கேட்கும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவன் குளிக்கப் போயிருந்தபோது நான் அங்கே போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க போறதுன்னே தெரியலக்கா” என்றாள். “எனக்கும் தெரியாது, போயிடு. எங்க இருக்கேன்னு எங்கிட்டக்கூடச் சொல்லாத” என்றேன். சொல்லவில்லை. நல்ல பெண்.

அடுத்த மாதம் தம்பி ஒரு பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “தனியா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்க்கா.” எனக்கும் குடும்பம் என்று எதுவும் இல்லை. ஒரு அறை, ஒரு சமையலறை. கூடப் பிறந்தவனை எங்கே போகச் சொல்வது?

கை நீளுகிறவனுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அவள் இல்லை. நான் இருந்தேன்.

இரண்டாவது வருடம் காது போயிற்று. அலுவலகத்தில் குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னேன். நம்பினார்களோ, நம்புவது சௌகரியமாக இருந்ததோ. ஒலிக்காப்பறை வேலைக்கு ஒரு காது போதும். நீங்கள் கேட்பீர்கள், புகார் கொடுத்திருக்கலாமே என்று. கொடுத்தேன், இரண்டு தடவை, இதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில். “கூடப் பொறந்த தம்பிதானேம்மா, பேசித் தீத்துக்கோங்க” என்று ஒருவர் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். மரியாதையான மனிதர்.

அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

அவள் குரலை நான் கேட்டது அந்தச் சமயத்தில்தான். சீட்டுகளைத் தட்டச்சு செய்யும்போது சுருளை ஓட்டிச் சரிபார்ப்பது என் வழக்கம். முதல் வார்த்தையிலேயே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. தையல் தெரியும், இயந்திரம் இல்லை என்று சொன்னாள். நேயர் ஒருவர் தன் வீட்டிலிருந்ததைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கொண்டு சேர்க்கத்தான் சீட்டில் கதவு எண் வரைக்கும் முகவரி. கடைசியில் அவள், “அவரோட அக்கா மட்டும் இல்லேன்னா நானும் எம் பொண்ணும் இன்னிக்கு உயிரோட இல்லீங்க. அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்” என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ‘நல்லா இருக்கணும்’ என்ற இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை. அவன் குடித்துவிட்டு அவள் எங்கே, அவள் எங்கே என்று என்னைச் சுவரில் சாய்த்துக் கேட்டபோதும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எழுதும்போது அது விட்டுப்போய்விடும்.

பட்டியலில் அவள் வரிசை வந்த அன்று நான் ரொம்பக் களைத்திருந்தேன். ‘ஆம்’ விழுந்துவிட்டது. கை தவறி விழுந்ததாகத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் பட்டியலை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடுவேன்.

வெளியே இருக்கிற பெண் எழுதிய செயலி, பதிவுகளின் குறிப்பில் எந்த முகவரி இருந்தாலும் அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும். புள்ளியைத் தொட்டால் குரல் கேட்கும். உங்கள் தெருவில் யார் பேசினார்கள் என்று கேட்கலாம், அழகான யோசனை. அவள் என் மேசைக்கே வந்து கேட்டாள்.

“மேடம், ‘பெயர் வேண்டாம்’ல ஒண்ணே ஒண்ணு மட்டும் வந்திருக்கு. அதுல வீட்டு முகவரி வேற இருக்கு. தப்பா வந்துடுச்சோ?”

“இல்லம்மா. அவங்ககிட்ட மட்டும் அனுமதி வாங்கியிருக்கு.”

“நெஜமாவா மேடம்? எழுத்துல இருக்கா?”

“இருக்கு. எடுத்து வைக்கிறேன்.”

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் பார்த்தால் பொய் சொல்கிறவள் மாதிரி இருக்காது.

முகவரியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உலகத்துக்கே திறந்த ஒன்றை ஒருவனுக்குக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கொஞ்சம் சாந்தமாக உட்கார்ந்திருந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“எங்க ஸ்டேஷன் பழைய புரோகிராம் எல்லாம் இப்ப போன்லயே கேக்கலாம்பா” என்றேன்.

“எனக்கெதுக்கு அது?”

“சும்மாதான். பொம்பளைங்க பேசினது ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாரு.”

அவன் போனை வாங்கி, வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டு நானே போட்டுக் கொடுத்தேன். பிறகு சமையலறைக்குப் போய்விட்டேன். ஆறு நிமிடம். எங்கே அவள் மூச்சு வாங்குவாள், எங்கே சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். முடிந்ததும் அவன் மறுபடி ஓட்டினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. அன்றும் மறுநாளும் என் மேல் கை வைக்கவில்லை.

என்னிடம் அவன் கேட்டதெல்லாம், “கதவத் தொறந்து விட்டது நீயா?” என்பதுதான்.

“ஆமா” என்றேன்.

“சரி” என்றான். அவ்வளவு நாளில் அவன் என்னிடம் அப்படி மெதுவாகப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை ஏழு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையோடு கிளம்பினான். பையில் என்ன இருந்தது என்பது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. சமையலறையில் எது குறைகிறது என்று நான் அப்போதே பார்த்தேன். குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், போயிருந்தது. அந்த ஒன்று நல்லதாகப் போயிற்று.

கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தேன். பகலில் தூங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. பிற்பகல் வரைக்கும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்காமல் வைத்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அவளுடைய தொலைபேசி எண்ணும் அதே சீட்டில்தான் இருந்தது. அதுவும் எனக்கு மனப்பாடம். அவள் ஊருக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம் ஆகும். அரை நிமிடம் பேசினால் போதும், அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போயிருப்பாள். போன் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பேசியிருக்கலாம். ஆனால் அவள் அங்கே இல்லையென்றால், சாயங்காலம் அவன் திரும்பி என் வீட்டுக்குத்தானே வந்திருப்பான்.