அணைக்கக் கூடாத விளக்கு

எங்கள் ஊரில் கார்கள் ஜப்பானிய மொழியில் பேசும். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் மிகவும் பணிவாக ஏதோ சொல்லும். யாங்கோனில் கார் வைத்திருக்கும் பலர் அதைக் காலை வணக்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுங்கச்சாவடிக்கான அட்டையைச் செருகவில்லை என்று அவள் சொல்கிறாள். இங்கே அப்படியொரு அட்டையே கிடையாது. இருந்தாலும் நாள் தவறாமல் சொல்கிறாள். நான் யாரிடமும் இதை விளக்கியதில்லை. காலையில் ஒரு குரல் தங்களை வரவேற்கிறது என்று நினைத்துக்கொண்டு போவதில் யாருக்கு என்ன நஷ்டம்.

அர்ச்சனா, நீங்கள் விளக்கைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். விஸ்வநாதன் உள்ளறையில் தூங்குகிறான். அவனுடைய அப்பா நாகநாதன் ஐயா கடையிலிருந்து வர மாலையாகும். அவனைச் சென்னைக்குக் கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் காரைக்குடியிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் விசுவின் நண்பன் சிவராஜ் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானில் ஓடிய பழைய கார்களை இறக்கி விற்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். பொத்தான்களில் எழுதியிருப்பதைப் படித்து, பர்மிய மொழியில் சிறு சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. ஜப்பானுக்குப் போகத்தான் அந்த மொழியைப் படித்தேன். நான் தேறிய சமயத்தில் என் வயது ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி நின்றுபோயிருந்தது. என்னோடு படித்தவர்கள் அதற்கு முன்பே ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சுந்தர் பினாங்குக்குப் போனான். இக்பால் பாங்காக்கில் இருக்கிறான் என்று கேள்வி. பபேடானில் நாங்கள் கூடும் லபெயே தேநீர்க் கடைக்காரர் முன்பெல்லாம் எங்களைக் கண்டதும் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவார். பிறகு ஒரு மேசையே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. நானும் விசுவும் எதிரெதிரே உட்காருவோம்.

என் அம்மா இறந்த பிறகு வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. நாள் முழுவதும் பர்மிய மொழியில் பேசுவேன், ஜப்பானிய மொழியைப் படிப்பேன். மாலையில் அவனிடம் மட்டும்தான் தமிழ். பன்சோடான் சாலை நடைபாதையில் வெளிநாட்டு நாவல்கள் பர்மிய மொழிபெயர்ப்பில் பழையதாகக் கிடைக்கும். நான் வாங்கிப் படித்து அவனுக்குத் தமிழில் கதையாகச் சொல்வேன். விசு புத்தகத்தைத் தொடமாட்டான். ஆனால் கேட்பான்.

"டேய் சப்பான்காரா, அந்தக் கப்பல்காரன் செத்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு. கடல் நீலமா இருந்துச்சு, மேகம் வெள்ளையா இருந்துச்சுன்னு எவ்வளவு நேரம் ஓட்டுவே?"

"செத்தான்."

"சரி, இப்ப மேகத்தச் சொல்லு."

அப்படிக் கேட்கிற ஒருவன் உங்களுக்கு வாய்த்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவன் ஒருவன்தான்.

கார்த்திகையில் உங்களோடு கல்யாணம் நிச்சயமானதை அந்தக் கடையில்தான் சொன்னான். கல்யாணம் முடிந்ததும் காரைக்குடியிலேயே இருந்து உங்கள் அப்பாவின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு என்றான். நான் கோப்பையைத் தள்ளி வைத்ததைப் பார்த்து, "யபாடே டா" என்றான். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. "போன்ல கதை சொல்லு. நான் கேக்குறேன்." நானும் யபாடே என்றேன். அன்று தேநீருக்கு அவன்தான் கொடுத்தான்.

அந்தச் சிவப்பு வண்டி வந்தது அதன் பிறகு. கிளம்புவதற்கு முன் ஒரு பந்தயக் கார் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை; எங்கள் இடத்தில் வந்து இறங்கியதும் வாங்கிவிட்டான். இரண்டே கதவு, பின்சக்கர இழுவை, தாழ்ந்த இருக்கை. ஜப்பானின் வடகோடித் தீவிலிருந்து வந்திருந்தது. அங்கே பாதி வருடம் சாலையெல்லாம் பனிக்கட்டி. பனியை உருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்பு பட்டு அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது. இருக்கைக்கு அடியில் கண்ணாடியில் உறையும் பனியைச் சுரண்டும் ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடந்தது. விசு அதை எடுத்துக் காக்கை எச்சத்தைச் சுரண்டினான். நான் பனியைப் புத்தகங்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்டியைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தேன்.

பனிக்கட்டி மேல் இவ்வளவு வேகமான வண்டியை எப்படி ஓட்டினார்கள் என்று விசு கேட்டான். ஓட்டியது மனிதன் மட்டுமல்ல என்றேன். ஸ்டியரிங் ஒரு பக்கம் காட்ட, வண்டி இன்னொரு பக்கம் போக ஆரம்பித்தால், அதற்குள் இருக்கும் ஒரு கருவி அதைக் கண்டுகொள்ளும். நான்கு சக்கரங்களில் எதைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அதை மட்டும் தானே பிடிக்கும். எஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். ஓட்டுபவருக்குக் காலடியில் ஒரு சிறு நடுக்கம் தெரியும், அவ்வளவுதான். தான் காப்பாற்றப்பட்டதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம். இதை நான் ஒளிவுமறைவில்லாமல் அவனுக்கு விளக்கினேன்.

அவன் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். முகப்பில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. சறுக்கும் காரின் படம். அதன் கீழே ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி.

"என்னடா போட்டிருக்கு?"

ஜப்பானிய மொழியும் தமிழைப் போலத்தான். என்ன ஆயிற்று என்பது கடைசியில்தான் வரும். சறுக்கல் தடுப்பு என்பது முதலில் இருந்தது. நிறுத்தப்பட்டுள்ளது என்பது அதற்குப் பின்னால். நான் முதல் பாதியைப் படித்துச் சொன்னேன். பொய்யாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. அப்படித்தான் நினைவு.

அந்த வண்டியைச் செய்தவர்கள் புத்திசாலிகள். ஓட்டுபவர் எதையாவது அழுத்தித் தொலைப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தடுப்பு தானாகவே மீண்டும் வேலைக்கு வந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். என் அரை வாக்கியம் அடுத்த நாளே தானாகச் சரியாகியிருக்கும். விசுவின் அம்மா உமையாள் ஆச்சிதான் அதை நிலைக்கச் செய்தவர். ஆச்சியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் கோவில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சை, முகப்பில் முருகன் படம். ஆச்சி குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்ன விசு, சாமி படத்துக்குக் கீழ விளக்கு மாதிரி இருக்குன்னே? இருட்டாக் கெடக்கு."

"அமுக்குனாத்தான் எரியும் ஆத்தா. வழுக்காமப் பாத்துக்குமாம். ராஜுதான் படிச்சுச் சொன்னான்."

"அப்ப ஏத்திட்டுல்ல கிளம்பணும். ஏத்துடா."

அவன் அழுத்தினான். எரிந்தது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"திருப்பி அமுக்கினா அணைஞ்சிடுமாடா ராஜு?" என்று விசு என்னிடம் கேட்டான்.

"அணையுறதாம். வாயில வர்ற வார்த்தையப் பாரு" என்றார் ஆச்சி. "குளிர வைக்கிறதுன்னு சொல்லு. வழியில குளிர வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் எரியட்டும்."

ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்தில் எரிகிற விளக்கை யாரும் கைவைத்து அணைக்கமாட்டார்கள். மலரால் குளிர வைப்பார்கள். அணைப்பது என்ற சொல்லையே அந்த வீட்டில் சொல்வதில்லை. அன்று முதல் விசு வண்டியைக் கிளப்பியதும் முதல் காரியமாக விளக்கேற்றினான். நான் அந்தப் பொத்தானை ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவன் உங்களுக்கு அனுப்பிய வீடியோவில் அந்த விளக்கைக் காட்டிப் பெருமையாகப் பேசியிருக்கிறான். உங்கள் வீட்டுக் காரிலும் அதே படம் உண்டு, அதன் கீழே ஆஃப் என்று எழுதியிருக்கும் என்கிறீர்கள். வீடியோவை விபத்துக்குப் பிறகுதான் கவனமாகப் பார்த்ததாகவும் சொன்னீர்கள். அதற்காக வருந்தாதீர்கள். அது உங்கள் வேலையல்ல. படித்துச் சொல்வது என் வேலை.

டயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவை பனிக்காலத்துக்கான டயர்கள். குளிருக்கென்று மிருதுவாகச் செய்தவை. எங்கள் வெயிலில் இளகும், எங்கள் மழையில் பிடிக்காது. பணிமனைக்காரர் மாற்றச் சொன்னார். பனிக்கட்டியிலேயே பிடித்த டயர் மழைக்கு எம்மாத்திரம் என்று நான் விசுவிடம் சொன்னேன். அவன் மாற்றவில்லை.

எனக்கு வேண்டியது மிகச் சிறியது. ஒரு கால் முறிந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு மழைக்காலம் அவன் வீட்டில் படுத்திருப்பான், முகூர்த்தம் தள்ளிப்போகும், நான் தினமும் வருவேன். அதற்கு மேல் நான் எதையும் விரும்பியதில்லை.

இங்கே ஒரு விருந்து வைத்துவிட்டுக் காரைக்குடிக்குக் கிளம்புவதாக இருந்தது. விருந்துக்குத் தண்ணீர்ச் சால்கள், பெரிய மண்பானைகள், வேண்டும் என்று ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான த்வாண்டேயில்தான் நல்ல சால்கள் செய்கிறார்கள். அந்தச் சாலையில் களிமண் ஏற்றிய வண்டிகள் போய்வரும். கோடை முழுவதும் சிந்திய மண் தூளாகிச் சாலையில் படிந்திருக்கும். நாலைந்து மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் மழையில் மட்டும் அது வெண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். பனிக்கட்டிச் சாலை எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அன்று அங்கே போக வேண்டும்.

முதல் மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெய்தது. நான் விசுவுக்குப் போன் செய்து, சால்கள் விற்றுப்போகின்றன, இன்றைக்கே போய்ச் சொல்லி வைத்துவிடு என்றேன். என்னையும் கூப்பிட்டான். வேலை இருப்பதாகச் சொன்னேன். வழியனுப்ப மட்டும் வந்தேன். அவன் வண்டியைக் கிளப்பினான். அந்தப் பெண் குரல் பணிவாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னது. அவன் விளக்கை ஏற்றினான்.

அப்போது ஆச்சி வாசலுக்கு வந்தார். "பானையத் தட்டிப் பாத்து வாங்கத் தெரியுமா இவனுக்கு? நானும் வர்றேன்" என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஜப்பானிய வண்டியில் ஓட்டுபவரும் வலப்பக்கமே உட்காருவார். அதனால் எதிரில் வருவதற்கு அருகில் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். வண்டி சுழன்று குறுக்கே போனால் முதலில் அடிபடுவது அந்த இருக்கை. இது எனக்குத் தெரியும். கதவு திறந்திருந்தது. ஆச்சியின் முந்தானை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் மாட்டிக்கொள்ளுமே என்று அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"நல்ல புள்ள" என்றார்.

நான் கதவைச் சாத்தினேன்.

த்வாண்டேக்கு முன்னால் ஒரு வளைவு. எதிரில் மண் லாரி. ஆச்சி அங்கேயே போய்விட்டார். விசுவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, பேச்சும் போயிற்று. முதல் மழை, சேறு, சின்னப் பையன், வேகமான வண்டி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாகநாதன் ஐயா மட்டும், "விளக்கேத்தித்தானே தம்பி போனாங்க" என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டார். ஆமாம் ஐயா, நான் பார்த்தேன் என்றேன். ஆச்சியின் சாவை என்மேல் போடுவது நியாயமாகாது. அவரை நான் அழைக்கவில்லை.

அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். மாலையில் கதை சொல்கிறேன். ஒரு நாவலை முழுவதுமாக, மேகங்களோடு சேர்த்துச் சொல்ல முடிகிறது. நடுவில் அவன் எழுந்து போவதில்லை. சென்னையில் ஒரு பெரிய டாக்டர் பார்த்தால் பேச்சு திரும்பலாம் என்கிறீர்கள். திரும்பட்டும். ஆனால் அங்கே அவனைப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? அவன் என்ன நினைக்கிறான் என்பது முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. நான் இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் சென்ற மாதமே அவனிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, விட்டுப்போன அந்த வினைச்சொல்லோடு சேர்த்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டான். நீங்கள் உள்ளே போனால் அவன் கண் திறந்து உங்களைப் பார்ப்பான். நர்ஸைப் பார்ப்பான், அப்பாவைப் பார்ப்பான், எல்லோரையும் கலங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பான். என் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் உடனே கண்களை இறுக மூடிக்கொள்கிறான். நான் எழுந்து போகும்வரை திறப்பதில்லை. அவ்வளவு நிம்மதி அவனுக்கு.