ஒரு கழித்தல் குறி

எங்கள் துறையில் அறைக்கதவை எப்போதும் திறந்தே வைத்திருக்கும் பேராசிரியர் நான் ஒருவன்தான். மாணவர்கள் தயங்காமல் வரவேண்டும் என்பது என் கொள்கை. வரவேற்புரைகளில் இதை யாராவது குறிப்பிடுவார்கள். மறந்தால் நானே நினைவூட்டுவேன்.

அவளும் அப்படி வந்தவள்தான். எதையும் வரிவரியாக ஊர்ந்து சரிபார்ப்பதால் எறும்பு என்று கூப்பிடுவார்கள். குறைக்கடத்திக்குள் கண்ணுக்கே தெரியாத ஓர் இடுக்கு. காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்கள் அதற்குள் நுழைந்து எப்படிப் போகின்றன என்று கணினியில் மாதிரி அமைப்பது அவள் ஆய்வு. புலத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் மின்கடத்தல் மாறக்கூடாது. மாறினால் மாதிரியில் தப்பு. அவள் எழுதித் தந்ததை முதலில் நானே ஓட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. மாதிரி சரி என்றால் ஆய்வு முடிந்தது. முடித்தால் போய்விடுவாள். போனால் குழுவில் கணக்குப் போட ஆளில்லை. நான் இருந்தேன்தான், ஆனால் குழுத் தலைவருக்கு ஆயிரம் கூட்டம்.

நிரலில் புலத்தைச் சேர்க்கும் பகுதி எப்போதோ நான் எழுதியது. எலெக்ட்ரான் முன்னே தாவ ஒரு குறி, திரும்பித் தாவ அதற்கு எதிர்க்குறி. இரண்டாவதிலிருந்த கழித்தலைக் கூட்டலாக மாற்றிவைத்தேன். இனி புலத்தைத் திருப்பினால் விடை மாறும். தன் பகுதியில் மட்டுமே தேடுவாள் என்று தெரியும். மரியாதை தெரிந்த பெண்.

தேடினாள். "எறும்பு, இன்னுமா அந்த இடுக்கைவிட்டு வெளிய வரல?" என்று மற்றவர்கள் சீண்டினார்கள். நான் அப்படியெல்லாம் பேசியதில்லை. ஒருமுறை, என் பகுதியையும் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு வீட்டிலிருந்து போன் வந்தது.

"சார், அம்மாவுக்கு ரொம்ப முடியல. போயிட்டு வந்துரட்டுமா?"

"தாராளமா போம்மா. தப்பைப் பிடிச்சுட்டுப் போனா அம்மா பக்கத்துல நிம்மதியா உக்காரலாம். அதுக்குத்தான் சொல்றேன்."

இருந்துவிட்டாள். அம்மா இருக்கவில்லை. தகவல் வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பியவள் ஆய்வை விடுவதாகச் சொன்னாள்.

"எனக்கு இது வரல சார். உங்க நேரமும் வீணாப் போச்சு. அம்மாவையும்..."

"விடும்மா. உன்மேல எனக்கு வருத்தமே இல்ல" என்றேன். படிக்கட்டுவரை கூடவே போனேன்.

அப்புறம் குறியைச் சரிசெய்தேன். விடை அழகாக வந்தது. கட்டுரை என் பெயரில் வெளியாகியிருக்கிறது. கடைசியில் அவளுக்கு ஒரு வரி நன்றி எழுதிக்கூட வைத்தேன். ஆறிவரும் மனசைக் கிளறுவானேன் என்று நானே எடுத்துவிட்டேன்.