ஒரு காலடிப் புல்

பால் போதுமா, இன்னும் கொஞ்சம் விடட்டுமா? இந்த வீட்டில் தேநீர் எப்போதும் ஸ்ட்ராங்காகத்தான் இருக்கும். லாயத்துக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள், மறுநாளும் வந்து கேட்பார்கள்.

நீங்கள் வந்த விஷயத்துக்கு வருகிறேன். காப் குதிரை என்றால் இந்த ப்ரோபர்ட் அம்மாள் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுகிறாள் என்று உங்கள் சங்கத்தில் யாரோ முறையிட்டிருக்கிறார்கள். உண்மைதான். டிரெஸ்ஸாஜ் போட்டி நடுவராக இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மணல் களத்தில் குதிரை நடக்கும், துள்ளி ஓடும், பக்கவாட்டில் போகும். பத்துக்கு இத்தனை என்று நான் சொல்வேன். நெட்டைக் கால் ஜெர்மன் குதிரை ஒன்று தடுமாறினால், இன்றைக்கு அதற்கு மனசு சரியில்லை போலிருக்கிறது என்று ஒன்றைக் கூட்டிப் போட்டேன். கட்டைக் கழுத்தும் கால் நிறைய ரோமமுமாக வண்டிக் குதிரை ஜாதிக் காப் ஒன்று அதையே தடுமாறாமல் செய்தால், பாவம், முடிந்ததைச் செய்கிறது என்று ஒன்றைக் குறைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கண் அப்படிப் பழகிவிட்டது. இதை நீங்கள் அப்படியே குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கிட்டோ விஷயம். அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி.

கிட்டோ, நெரிஸ் வாட்கின்ஸின் குதிரை. நெரிஸ் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் வேன் ஓட்டுகிறவள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், வேனிலிருந்து இறங்கும்போது தலையை இடித்துக்கொள்ளாத நாளில்லை. வேல்ஸ் பக்கம் ஏதோ சந்தையில் கிட்டோவைப் பார்த்து, பிடித்துப்போய், வாங்கி வந்து என் லாயத்தில் கட்டினாள். கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக, பீப்பாய் வயிறு. மற்ற குதிரைக்காரர்கள், டிராக்டர் வருது, வழி விடுங்க என்று கேலி செய்வார்கள். அவளுக்குக் கோபமே வராது.

"டிராக்டர்தான். ஆனா இதுல பவர் ஸ்டியரிங் இருக்கு," என்பாள்.

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிறகு தனியாகக் கூப்பிட்டு நல்ல புத்தியும் சொன்னேன். வண்டி இழுக்கப் பிறந்த உடம்பு, முதுகு வளையாது, நீ எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு அளவுக்கு மேல் போகாது, விற்றுவிட்டு வேறு வாங்கு என்றேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

"அவனுக்கு இத யாரும் சொல்லல போல, மிஸ். தெனமும் வளையறானே," என்றாள்.

வளையத்தான் செய்தான். இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து களம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்கிறேன், கிட்டோ பக்கவாட்டு நடை போகிறான். அந்தப் பெரிய உடம்பில் பாரமே இல்லை. ஒரு காலைத் தாண்டி மறு காலை வைப்பதில் அவசரமில்லை. நெரிஸ் மேலே ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எட்டு என்று என் மனசு சொல்லிவிட்டது. நான் கேட்காமலே சொன்னது.

அந்தக் குளிர்காலம் அவள் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனாள். அங்கே என்னைத் தெரியாத நடுவர்கள். முதலிடம், மறுபடியும் முதலிடம். கோடையில் நடக்கிற வட்டாரப் போட்டிக்குத் தகுதி கிடைத்துவிட்டது. அதற்கு இந்தப் பக்கத்துக் குதிரைக்காரர்கள் ஒருவர் விடாமல் வருவார்கள். என் பேச்சைக் கேட்டுக் காப் குதிரையை விற்றவர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எனக்கும் ஒரு காப் இருந்தது. பிராக்கன் என்று பெயர், பழுப்பு நிறப் பெண் குதிரை. எனக்குப் பத்தொன்பது வயசு. என் வாத்தியாரம்மா அவளைச் சுற்றி ஒரு நடை வந்து, பால் வண்டிக்குத்தான் லாயக்கு என்றார். மறு வாரமே தரகரிடம் கொடுத்தேன். எங்கே கொண்டு போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்டால் பதில் நன்றாக இருக்காது, கசாப்புக்கு என்பார்கள். அதன் பிறகு நல்ல நல்ல குதிரைகள் வந்தன. எதன் கழுத்தைக் கட்டிக்கொண்டும் நான் அழுததில்லை. கிட்டோவால் முடியும் என்றால் அவளாலும் முடிந்திருக்கும். நான் அவளை வீணாகக் கொடுத்துவிட்டேன் என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வசந்தகாலப் புல் காப் குதிரைகளுக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியாததல்ல. கொஞ்சம் கூடுதலாகத் தின்றாலும் சர்க்கரை ஏறி, குளம்புக்குள்ளே அழற்சி வந்து, எலும்பு கீழே இறங்கிவிடும். அதனால் மேய்ச்சலில் மின்வேலி போட்டு, நாளுக்கு ஒரு காலடி மட்டும் நகர்த்திப் புதுப் புல் கொடுப்போம். நெரிஸ் வேலை முடிந்து சாயங்காலம் வந்து, அளவாக ஒரு காலடி எடுத்து வைத்து, கம்பங்களைப் பிடுங்கி நட்டுவிட்டுப் போவாள். ஒரு நாளும் தவறமாட்டாள்.

காலையில் அவள் தபால் கொடுக்கப் போன பிறகு நான் இன்னொரு காலடி நகர்த்தினேன்.

முதல் நாள், புல் மட்டமாக இருக்கிறது, பாவம், பசிக்குமே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் சொல்லிக்கொள்ளவில்லை. பனி உறைந்து மேலே வெயிலும் அடிக்கிற காலையில்தான் புல்லில் அந்தச் சர்க்கரை அதிகம். இந்த லாயத்தில் எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அந்தக் காலைகளில் இரண்டு காலடி.

அவனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கனைப்பான். வேலியோரம் வந்து என் சட்டைப் பையில் மூக்கை வைத்து மோப்பம் பிடிப்பான். நான் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கம்பத்தைப் பிடுங்குவேன். அந்த வருஷம் என்னைப் பார்த்து யாரும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஒரு சாயங்காலம் நெரிஸ், இந்தப் பக்கம் ரொம்ப மேய்ஞ்சிருக்கே என்று நின்று பார்த்தாள்.

"உன் காலடி அப்படி, பொண்ணே. ஒட்டகச்சிவிங்கி அளந்த மாதிரி இருக்கு," என்றேன்.

சிரித்தாள். அன்றைக்குக் காலைக் குறுக்கி அளந்து நட்டாள்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு காலை அவன் வேலியோரம் வரவில்லை. பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து, முன்னங்கால்களைத் தள்ளி வைத்து நின்றான். குளம்பில் கை வைத்தேன், கொதித்தது. டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன், அவளுக்கும் நான்தான். நெரிஸ் வேனை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். மருந்து, ஐஸ், குளம்புக்குக் கீழே மெத்தை எல்லாம் செய்தோம். அவளுக்குச் சமமாக நானும் கண்விழித்தேன். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு இறங்கியிருந்தது. இனி வைத்திருந்தால் வலிதான் என்று டாக்டர் சொன்னார்.

கடைசி நாளில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள நெரிஸுக்குக் கை வரவில்லை. நான் உள்ளே போனேன். நிற்கக்கூட முடியாத அந்த நிலையிலும் என் சத்தம் கேட்டுக் கனைத்தான்.

"பாத்தீங்களா, மிஸ், உங்களத்தான் கூப்பிடறான்," என்றாள் நெரிஸ். "நீங்கன்னா அவனுக்கு உசிரு. நீங்களே புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஊசி போடும்வரை மூக்கு என் சட்டைப் பையிலேயே இருந்தது. பையில் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டு தன் காலையே பார்த்தாள். "ஒரு காலடிதான் வெச்சேன். பெருசா வெச்சிருக்கேன். நானே கொன்னுட்டேன், மிஸ்." இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது.

"உன்மேல தப்பில்ல, கண்ணு," என்றேன். "இந்த ஜாதியே இப்படித்தான்."

அதை அவள் நம்பினாள். இங்கே எல்லோருமே நம்பினார்கள். காப் குதிரை புல் தின்று செத்தது என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நெரிஸ் அதற்குப் பிறகு குதிரை ஏறவில்லை. காலையில் என் வீட்டுக்கும் தபால் கொண்டுவருகிறாள். வேனிலிருந்து வாசலுக்கு வர, சின்னச் சின்னதாகக் காலடி வைத்து நடக்கிறாள். நான் திரைக்குப் பின்னால் நின்று, அவள் போன பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.

வேலியை நகர்த்தியது நான். தெரிந்தே, தினமும் நகர்த்தினேன். கிட்டோவைக் கொன்றது நான்தான், அவளில்லை. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. மதிப்பெண் விஷயத்தில் என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். அதே புல்லை ஒரு நல்ல ஜாதிக் குதிரை தின்றிருந்தால் அதற்கு ஒன்றுமே ஆகியிருக்காது.