தலைவர் பேர் வச்ச முயல்

இல்ல அண்ணி, உங்க தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோவம், அதான் சாப்பிட வரல. ஏன்னு கேட்டா நான் முன்னபின்ன உளறித் தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. பாதிப் படிப்புல நின்னவதானே நான். அவர் ஜெயிலுக்குப் போகாம இருக்கணும், எனக்கு அது போதும்.

நம்ம முயல் வளர்ப்புச் சங்கம் தெரியுமில்ல? முக்காவாசி சுரங்கத்து ஆளுங்க. எதுக்கெடுத்தாலும் ஓட்டு. கண்காட்சிக்கு பீர் எங்க வாங்கறதுன்னு ஒரு சாயங்காலம் முழுக்கக் கத்தி, ஓட்டுப் போட்டுட்டுத்தான் எந்திரிப்பாங்க. ரொட்டிக்கடை ஹோல்ட்காம்ப் வருஷா வருஷம் தலைவருக்கு நிப்பான். மூணு ஓட்டு விழும், அவனோடதையும் சேத்து.

அந்தாளு முன்பல்லு ரெண்டும் நீங்களும் பாத்ததுதானே. உங்க தம்பி சும்மா இருப்பாரா? நம்ம பெரிய ஆண் முயலுக்கு ஹோல்ட்காம்ப்னு பேர் வச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனே சிரிச்சான்.

அது கிறிஸ்துமஸ் சமயம். ஜனவரியில பெர்லின்ல அந்தப் பழுப்புச் சட்டைக்காரங்க ஆட்சிக்கு வந்தாங்க, நமக்கென்னன்னு இருந்தோம். மார்ச்ல தொழிற்சங்கத்து எவால்டைப் பிடிச்சிட்டுப் போனாங்க, ஏதாவது பண்ணியிருப்பான்னோம். ஏப்ரல் கூட்டத்துக்கு ஹோல்ட்காம்ப்பும் பழுப்புச் சட்டையில வந்து நிக்கறான். இனிமே ஓட்டு கிடையாது, நான்தான் தலைவன், சம்மதம்னா கை தூக்குங்கன்னான். சிரிக்காதீங்க அண்ணி! ஓட்டே வேண்டாம்னு ஓட்டுப் போட்டாங்க, ஒருத்தர் பாக்கியில்லாம. தூக்கின கையை இறக்கவும் விடல. அப்படியே முன்னால நீட்டி சலாம் வைக்கச் சொல்லிட்டான்.

இவரா? தூக்கினாரே. தூக்கிட்டு, என் முயலுக்கும் சேத்து இன்னொரு கை தூக்கவான்னு கேட்டாரு. யாரும் சிரிக்கல.

இப்படி வாய் விட்டதுக்குத்தான் பக்கத்துத் தெரு தையல்காரன் உள்ள போனான். இன்னும் வரல. நாளைக்கு ஹோல்ட்காம்ப் ஆளுங்களோட வந்து கூண்டு கூண்டாப் பாக்கப் போறானாம். பேரை மாத்துங்கன்னு கெஞ்சினேன். இவர் மாட்டேன்னுட்டாரு, நானே மாத்தினேன். அது கேட்டாத்தானே! ஃபிரிட்ஸுன்னு கூப்பிட்டா கல்லு மாதிரி உக்காந்திருக்கு. வேலிக்கு அந்தாண்ட ஏதாவது பொடிசு ஹோல்ட்காம்ப்னு கத்தினா துள்ளிக்கிட்டு வருது.

அதான், காலையில இவர் சர்ச்சுக்குப் போன நேரத்துல... என்ன அண்ணி, முள்கரண்டியைக் கீழ வச்சிட்டீங்க? கறியை வினிகர்ல ஊறப்போட நேரமில்ல, தலைவர் கொஞ்சம் விறைப்பாத்தான் இருப்பாரு. நல்லா மென்னு சாப்பிடுங்க. எலும்பை இங்க குடுங்க, அடுப்புல போட்டுடறேன்.